வெள்ளைக்கு வாங்கிய நீலம்

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்ப்பது என்னுடைய இலாகா. கேட்டுப் பெற்ற பதவி இல்லை. தண்டனையாகக் கிடைத்தது.

பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம், எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஒருவர், "அடுத்தது சவர்க்காரம்தான் இல்லாமல் போகும்" என்றார். எதை வைத்துச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. பயப்படத் தயாராக இருக்கும் மனிதனுக்கு ஆதாரம் எதற்கு? அன்று மாலையே கொழும்பு, காலி வீதியில் இருக்கும் சுப்பர்மார்க்கெட்டில், தள்ளுவண்டி நிறையச் சவர்க்காரத் தூள் பைகளோடு நின்றேன். அரிசி இல்லை, பருப்பு இல்லை, பால்மா இல்லை. தூள் மட்டும். காசு வாங்கிய பெண் சிங்களத்தில், "சேர் லோன்றி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். பயந்துபோய் வாங்குகிறவன் என்பதைவிட லோன்றி முதலாளி என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது.

சவர்க்காரம் கடையில் இருந்து கடைசிவரை மறையவில்லை. மழைதான் வந்தது. எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதற்குப் பதில் சொல்லும். அந்தக் காற்றில் போத்தலில் இருக்கும் உப்பு தண்ணீராகும், பிஸ்கட் துணியாகும், சவர்க்காரத் தூள் கல்லாகும். கட்டிலுக்குக் கீழே நான் அடுக்கி வைத்த பைகள் ஒவ்வொன்றும் செங்கல்லாகின. அதற்குப் பிறகு நெடுங்காலம், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் சுத்தியலால் சவர்க்காரம் உடைத்தேன். கீழ்மாடியில் இருக்கும் ஹாஜியார், லிஃப்டில் என்னைக் கண்டு, "சேர், உள்ளுக்கு எங்கயும் சுவர் உடைக்கிறீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "இஞ்சேருங்கோ, இனி உடுப்புத் தோய்க்கிற விசயம் முழுக்க நீங்கள்தான்" என்று மட்டும் சொன்னாள்.

இலாகா கிடைத்தால் அமைச்சர் சும்மா இருப்பாரா? சீர்திருத்தம் தொடங்கினேன்.

எங்கள் தொடர்மாடியில் இரண்டு தண்ணீர். ஒன்று பைப் தண்ணீர். மீற்றர் பூட்டியது, குசினிக்கு வருவது. மற்றது வளவில் அடித்த குழாய்க் கிணற்றில் இருந்து ஏறுவது. கக்கூசுக்கும் நிலம் கழுவவும். அதற்கு மீற்றர் இல்லை. எங்கள் வோஷிங் மெஷின் பைப் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டு அதன் குழாயைக் கழற்றிக் கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினேன். அடுத்த மாதம் தண்ணீர் பில் குறைந்தது. பில்லைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பிள்ளைகள் கீறிய படங்களை ஒட்டுவார்களே, அப்படி.

இரண்டாவது சீர்திருத்தம் சவர்க்காரத் தூளில். அந்த வருடம் ஏறிய விலை, ஏறிய இடத்திலேயே வீடு வாங்கிக் குடியிருந்துவிட்டது. இறங்குகிற யோசனையே அதற்கு இல்லை. இதை நான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சகலனிடம் சொல்லிப் புலம்பினேன். மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரு நெருப்புக்குச்சியால் இரண்டு விளக்குக் கொளுத்துகிற மனிதர்.

"தம்பி, பேருக்குத்தான் அவங்கள் காசு வாங்கிறாங்கள்" என்றார். "பேரைக் கழட்டிவிட்டால் எல்லாத் தூளும் ஒரே தூள்தான். இஞ்ச எங்கட சந்திக் கடையில பேரில்லாத தூள் நிறுத்துக் குடுக்கிறான். நாங்கள் எத்தினை வருசமா அதுதான். நான் போட்டிருக்கிற சேட்டைப் பாரும்."

பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு பெரிய பை நிறைய நிறுத்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தேன். பையில் எங்கோ ஒரு சின்ன ஓட்டை. பக்கத்து சீற்றில் இருந்தவர் கொள்ளுப்பிட்டிவரை தும்மிக்கொண்டே வந்தார். நானும் அவரோடு சேர்ந்து, "இந்தக் கொழும்புத் தூசி" என்று தலையை ஆட்டினேன்.

அந்தத் தூளை எங்கள் மெஷினில் போட்டால் நுரையே வரவில்லை. ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போட்டேன். பிறகு கரண்டியை விட்டுவிட்டுக் கையால் அள்ளிப் போட்டேன். நுரை வரவில்லை. உடுப்பு சுத்தமாகியது என்று சொல்ல முடியாது. களைத்துப்போய் வந்தது என்று சொல்லலாம். மெல்ல மெல்ல எங்கள் வீட்டு வெள்ளை எல்லாம் பழுக்கத் தொடங்கியது. கட்டில் விரிப்பு பழுத்தது. என் வேட்டி பழுத்தது. நான் கண்டுகொள்ளவில்லை. வேட்டிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் சேர்ந்து பழுப்பதில் என்ன பிழை?

மகளின் பள்ளிக்கூடச் சீருடை பழுத்தபோதுதான் விஷயம் விஷயமாகியது.

மகள் பம்பலப்பிட்டியில் படிக்கிறாள், உயர்தர வகுப்பு. போன வருடம் மாணவ முதல்வர்களின் பெயர்களை அறிவித்தபோது அவள் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து, அயர்ன் பண்ணிய சட்டையை எடுத்து மறுபடியும் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். இந்த வருடம் பெயர் வந்தது. திங்கட்கிழமை மண்டபத்தில் சின்னம் சூட்டும் விழா. பெற்றோரும் வர வேண்டும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம், அவள் சீருடை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா, இது என்ன நிறம்?"

"வெள்ளை."

"நல்லாப் பாருங்கோ."

"கொஞ்சம் பாவிச்ச வெள்ளை."

"பால் தேத்தண்ணி அப்பா. மேடையில லைற் போடுவினம். எல்லாரும் வரிசையா வெள்ளையா நிற்பினம், நடுவில நான் மட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி மாதிரி நிற்பன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது. "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். திங்கக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வெள்ளையா ஒரு சட்டை."

மூன்று சட்டைகள் இருந்தன. மூன்றும் தேத்தண்ணி.

மனைவி அன்று காலையே கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தாள். அக்காவுக்குக் கண்ணில் வெண்புரை ஒப்பரேசன், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவாள். நான் சகலனுக்குப் போன் எடுத்தேன்.

"நீர் நீலம் போடுறேல்லையோ?" என்று ஆச்சரியப்பட்டார். "வெறும் தூளில வெள்ளை வருமே? கடைசித் தண்ணியில நீலம் முக்கினால் எல்லாம் பளிச்செண்டு வந்திடும். ஒரு சிட்டிகை காணும், தம்பி. சிட்டிகை."

நீலம் என்பது வெள்ளைத் துணியின் பழுப்பை மறைக்கப் போடும் ஒரு தூள். முறை எல்லாருக்கும் தெரிந்தது: தூளைத் துணியில் பொட்டணமாக முடிந்து, வாளித் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்து, தண்ணீர் லேசாக நீலம் கண்டதும் உடுப்பை அலசுவது. சின்னப் பக்கற்தான், அற்ப விலை. வாங்கிவந்தேன்.

சனிக்கிழமைக் காலையில் மகளை ரியூசனுக்கு அனுப்பினேன். போனால் பின்னேரம்தான் வருவாள். "வரேக்க பாருங்கோ, கண் கூசும்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மெஷினில் மூன்று சீருடைகளையும் போட்டேன். பாதி இடம் வெறுமையாக இருந்தது. அரை மெஷினுக்கு ஒரு மெஷின் தூளை வீணாக்குவதா? என்னுடைய பெனியன்கள் அத்தனையையும் போட்டேன். வேட்டியையும் போட்டேன். பிறகு நீலத்தை எடுத்தேன். இந்த இடத்தில்தான் என் மூளை தனியாக வேலை செய்தது. பொட்டணத்தை வாளியில் முக்குவது எதற்கு? நீலம் தண்ணீரில் அசைய வேண்டும், அவ்வளவுதானே? உள்ளே உருட்டி உருட்டி அசைப்பதற்கென்றே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, நான் ஏன் குனிந்து முக்க வேண்டும்? பழைய கைக்குட்டை ஒன்றில் பக்கற் முழுவதையும் கொட்டினேன். சிட்டிகை என்றது வாளிக் கணக்கு. இது மெஷின் அல்லவா. இறுக்கி முடிச்சுப் போட்டு, உடுப்புகளுக்கு நடுவில் ஒரு முட்டையைப் போல வைத்து, கதவைச் சாத்தினேன்.

மெஷின் சுற்றத் தொடங்கியதும் மனைவிக்குப் போன் எடுத்தேன். அக்காவின் கண்ணைப் பற்றிக் கேட்டேன். அவள் உடுப்பைப் பற்றிக் கேட்டாள்.

"எல்லாம் கொன்றோலில இருக்கு" என்றேன்.

சொல்லிக்கொண்டே திரும்பினேன். எங்கள் மெஷினுக்கு முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு. அந்த வட்டத்துக்குள் கடல் தெரிந்தது. மத்தியான வெயிலில் தெரிகிற ஆழ்கடல். அதில் என் மகளின் ஒரு கை மிதந்து வந்து, கண்ணாடியில் ஒட்டி, எனக்குக் கை காட்டிவிட்டுப் போனது. சட்டையின் கைதான், ஆனாலும் அந்த நேரத்தில் அது எனக்கு அப்படித் தெரியவில்லை.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்றாள் மனைவி.

"சிக்னல் இல்லை" என்று வைத்துவிட்டேன்.

கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. தண்ணீர் உள்ளே இருக்கும்போது அது திறக்காது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் இழுத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். சுற்றுவது நின்றது, கதவு திறக்கவில்லை. இப்போது நீலம் அசையாமல் நின்று நன்றாக ஊறுமே என்று பயம் வந்தது. திரும்பக் கொளுவினேன். மெஷின் எதையும் மறக்காமல் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது. அதனிடம் கதைத்தும் பார்த்தேன். முதலில் கெஞ்சினேன், பிறகு சிங்களத்தில் கெஞ்சினேன். கடைசியில் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதையும் பார்த்து முடித்தேன்.

கதவு திறந்தபோது எல்லாம் ஆகாய நிறம். கைக்குட்டையின் முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருந்தது. அது மட்டும் நீலகண்டரின் தொண்டை நிறம். சீருடைகளில் இடைக்கிடை திட்டுத் திட்டாகக் கடும் நீலம், மேகத்தைத் தலைகீழாக வரைந்ததுபோல.

பதற்றத்தில் மனிதனுக்கு வருகிற யோசனைகளை எழுதிவைக்க வேண்டும். பிறகு படித்துச் சிரிக்க உதவும். எல்லாப் பிள்ளைகளின் சீருடையையும் நீலமாக்கச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை மழை, வெள்ளம், மின்வெட்டு, ஏதாவது ஒன்று வர வேண்டும் என்று வேண்டினேன். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பின்னர் அவருக்கும் தேங்காய் விலை தெரியும் என்று நினைத்து, நேர்த்தியைக் கொஞ்சம் கூட்டினேன். தையல்காரருக்குப் போன் எடுத்தேன். "யூனிபோம் ரெண்டு கிழமை போகும் அண்ணை, நாளைக்குக் கடையும் பூட்டு" என்றார். ரெடிமேட் வாங்கலாம் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்து மடிப்பும் கொலரும் ரெடிமேட்டில் வராது. அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் தேத்தண்ணியைவிட மோசம்.

ப்ளீச் நினைவுக்கு வந்தது. கக்கூஸ் கழுவ வாங்கிய போத்தல். ஒரு சீருடையை அதில் ஊறவைத்தேன். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது. எடுத்துப் பார்த்தால், பழுப்பு மட்டும் போயிருந்தது. பழுப்புப் போனதால் நீலம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. இருந்த ஒரே மறைப்பையும் நானே கழற்றிவிட்டேன். அதைப் பல்கனிக் கொடியில் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்தது. கீழ்மாடி ஹாஜியார். புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்கிறவர்; என்னைவிடச் சில வயது கூட இருக்கலாம். எப்போதும் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்.

"சேர், மேல பெயின்ட் அடிக்கிறீங்களா? எங்கட பல்கனில நீலமாச் சொட்டுது."

நான் பல்கனியைக் காட்டினேன். அவர் பார்த்தார். வாளியைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். முழங்கைவரை நீலம். அதற்குப் பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுக்காரம்மா?"

"கொட்டாஞ்சேனையில. நாளைக்குத்தான் வருவா."

"அப்ப நேரம் ஈக்கி."

நேரம் இருக்கிறது என்ற அந்த ஒரு வசனத்தில் எனக்கு உயிர் வந்தது. மகளின் விழாவைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, சிரிப்பு நின்றது.

"மகளுக்கா? அதச் சொல்லுங்க முதல்ல. சேர், எனக்கும் இது நடந்த. பெருநாளுக்கு முந்தின நாள், ஜுப்பாவுக்கு நான்தான் நீலம் போட்ட, வேற யாரையும் விடல்ல. காலையில தொழப் பள்ளிவாசலுக்குப் போனா சஃப் வரிசையில எல்லாரும் வெள்ள, நான் மட்டும் எயார்போஸ்காரன் மாதிரி. பொறகு எங்கட மச்சிதான் சொன்ன: வினாகிரில போடுங்க. நீலம் எதுக்கும் பயப்படாது, புளிப்புக்கு மட்டும் நிக்காது." பிறகு ப்ளீச் போத்தலைக் கண்டு விரலை நீட்டினார். "இதில ஊறினத மட்டும் நல்லா அலசுங்க, மணமே இல்லாம அலசுங்க. ரெண்டும் சேந்தா மூச்சு முட்டிப் போயிடும். பொறகு மகளுக்குப் பெட்ஜ் குத்துறத பாக்க நீங்க இருக்க மாட்டீங்க."

ஒழுங்கை முகப்பில் இருக்கும் பலசரக்குக் கடைக்கு ஓடினேன்.

"வினாகிரி எத்தினை போத்தல் இருக்கு?"

"எத்தினை வேணும், அண்ணை?"

"இருக்கிறதெல்லாம்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, அச்சாறு ஊறப்போடவோ? கலியாண வீடோ?"

ஓம் என்று தலையாட்டினேன். லோன்றி முதலாளி இப்போது கலியாண வீட்டுக்காரன். இரண்டு கையிலும் போத்தல்கள் கிணுகிணுக்க நான் திரும்பியபோது, ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறையில் தயாராக நின்றார். ப்ளீச்சில் ஊறிய சீருடையைத் தானே அலசி முடித்திருந்தார். மூன்று வாளியில் மூன்று சீருடை. வினாகிரியை ஊற்றிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு ஸ்ரூலில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் எழும்பியது. கூழ்முட்டை. வீடு முழுவதும் கூழ்முட்டை. நான் எழும்பி ஓடப் பார்த்தேன்.

"இருங்க இருங்க" என்று என் கையைப் பிடித்தார், மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இந்த நாத்தந்தான் வேணும். நீலம் சாகுற நாத்தம்."

உண்மைதான். நீலம் மெல்ல மெல்ல இளகியது. கடல் ஆகாயமாகியது, ஆகாயம் விடிகாலையாகியது. பதற்றம் போன இடத்தில் எனக்கு ஒருவகை நிம்மதி வந்தது. சனிக்கிழமை மத்தியானம், ரயில் ஒன்று போகிற சத்தம், வாளிக்கு முன்னால் இரண்டு நடுவயது ஆண்கள், யாரும் எதையும் அவசரப்படுத்த முடியாத ஒரு நேரம். அவர் தன் கடையைப் பற்றிச் சொன்னார். நான் என் சுத்தியல் சத்தம் எதனால் வந்தது என்பதை முதல்முறையாக அவருக்குச் சொன்னேன். அவர் மறுபடியும் தோள் குலுங்கினார்.

கடைசியில் வினாகிரி மணம் போக ஒரு தோய்ப்புத் தோய்க்க வேண்டும். குளியலறை முழுக்க வாளி. ஆகவே ஒரு சீருடையைக் குசினிக்குக் கொண்டுபோய், பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்து, பேரில்லாத தூளை வழக்கம்போல் கை நிறைய அள்ளிப் போட்டேன்.

நுரை எழும்பியது. தொட்டி நிரம்பியது. நிரம்பி வழிந்து மேடைக்கு வந்தது. சீனிப் போத்தலைச் சுற்றிக்கொண்டது. வெள்ளை வெளேரென்ற நுரை, பெருநாள் கேக்கைப் போல. நான் கையை நீட்டியபடி நின்றேன். மாதக்கணக்காக நான் திட்டிய தூள். நிரபராதி. இது பைப் தண்ணீர். அங்கே மெஷினுக்குள் போவது கிணற்றுத் தண்ணீர். கடலோரத்து உப்பும் இரும்பும் கலந்தது. அதில் எந்தத் தூள் நுரைக்கும்? சட்டை ஏன் பழுக்காது?

ஹாஜியார் வாசலில் நின்று நுரையைப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியில் நான் ஒட்டிவைத்திருந்த தண்ணீர் பில்லையும் பார்த்தார்.

"சேர்… மெஷினுக்குக் கிணத்துத் தண்ணியா குடுத்தீக்கிறீங்க?"

நான் காந்தத்தைக் கழற்றி பில்லைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போய்த் தூளை அள்ளிக் கொட்டினேன். தூளை மிச்சம் பிடிக்கப் போய் நீலம். நீலத்தில் இருந்து ஒரு கடை வினாகிரி. இனி எங்கள் வீட்டில் யாரும் எதையும் மிச்சம் பிடித்தால் நாங்கள் தெருவுக்கு வந்துவிடுவோம்.

பின்னேரம் மகள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, ஆர் கூழ்முட்டை அவிச்சது?"

பல்கனியில் மூன்று சீருடைகள் தொங்கின. இரண்டில் தையல் ஓரங்களில் இன்னும் நீலம் ஒளிந்திருந்தது. ப்ளீச்சில் ஊறியது மட்டும் தப்பிவிட்டது. அதற்குப் பக்கத்தில், வினாகிரி மிஞ்சாததால் அப்படியே விடப்பட்ட என் வேட்டியும் பெனியன்களும் வரிசையாக, இளநீலமாக, காற்றில் ஆடின. அவள் முதலில் அவற்றைத்தான் பார்த்தாள்.

"நேவியில சேர்ந்திட்டீங்களோ?"

நான் நடந்ததைச் சொன்னேன். முடிச்சு, கடல், ப்ளீச், ஹாஜியார் அங்கிள், நுரை எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. தப்பிய சட்டையை எடுத்து, நேற்றுப் போலவே ஜன்னலில் பிடித்தாள். கொலரைப் பார்த்தாள். கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல நின்றேன்.

"வெள்ளைதான்" என்றாள் கடைசியில். "பொக்கற்றுக்குள்ள மட்டும் நீலம் இருக்கு."

"அது ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்." அப்போதுதான் அவள் உதட்டோரம் நெளிந்தது. அதை உடனே அடக்கினாள். "அப்பா, ஒரு சத்தியம் பண்ணுங்கோ. திங்கக்கிழமை மேடைக்குக் கிட்ட வரக்கூடாது. கடைசி வரிசையில இருக்கோணும். உங்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் பல்லைக் காட்டினால் பிறின்சிபல் மிஸ் குத்தின பெட்ஜை அந்த இடத்திலேயே கழட்டிப்போடுவா."

சத்தியம் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மனைவி, வீட்டை மணந்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், அக்காவின் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். திங்கட்கிழமைக் காலையில் நாங்கள் இருவரும் ஓட்டோவுக்காக ஒழுங்கை முகப்பில் நின்றபோது, பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, கலியாணம் ஆருக்கு? அச்சாறு நல்லா வந்ததோ?" என்று கேட்டார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். ஓட்டோ வந்தது. வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்குத் தூரம் குறைவு, கதை நீளம். பள்ளிக்கூட வாசலில் இறங்கியும் நான் நுரை வரைக்கும் வந்திருக்கவில்லை.

"பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"இருக்கு."

"அப்ப மிச்சத்தைப் பிறகு கேக்கிறன்" என்றாள். அந்தப் "பிறகு" எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபம் நிறைய ஆட்கள். மின்விசிறிகள் வெக்கையைத்தான் சுழற்றின. நான் சத்தியத்தின்படி கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாரும் வெள்ளை. என் மகளும் வெள்ளை. நான் முழு வரிசையையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அவளைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போலவே தெரிகிறாள் என்று அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக முன்னுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். மனைவி என் விலாவில் இடித்தாள்.

"இஞ்சேருங்கோ, போங்கோவன்! அவளின்ர பேர் வரப்போகுது. இஞ்ச இருந்து எடுத்தால் தலைதான் விழும்."

"நான் வரமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்."

"சத்தியமோ? எழும்புங்கோ!"

எழும்பினேன். போனைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றேன். அவள் பெயரை வாசித்தார்கள். அவள் முன்னுக்கு வந்தாள். அதிபர் சின்னத்தைக் கையில் எடுத்தார். மகளின் கண் கீழே வந்தது, என்னைக் கண்டது, என் நெஞ்சில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். வியர்வையில் என் வெள்ளைச் சேட் உடம்போடு ஒட்டியிருந்தது. அதற்குள்ளால் பெனியன் தெரிந்தது. தோள், கழுத்து வளைவு, வயிறு எல்லாம் ஒரு தீவின் வரைபடத்தைப் போல, சுத்தமான இளநீலத்தில்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். உதடுகளை ஒன்றோடொன்று அழுத்தினாள். கண் இரண்டும் பெரிதாகிக் கூரையைப் பார்த்தன. கழுத்து நரம்பு தெரிந்தது. அதிபர் ஊசியைக் குத்திச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அவள் அப்படியே, கல்லைப் போல நின்றாள். பிறகு கைகொடுத்தாள், வணங்கினாள், வரிசைக்குத் திரும்பினாள். சின்னம் அவளிடத்திலேயே இருந்தது.

மெஷினின் குழாயை அந்தக் கிழமையே பைப் தண்ணீருக்குத் திருப்பிவிட்டேன். பேரில்லாத தூள் இப்போது கரண்டிக்கணக்கில்தான் போகிறது. பெனியன்களைத்தான் ஒன்றும் செய்யவில்லை. நல்ல பெனியனை எறிய எனக்கு மனம் வராது.

சின்னம் குத்தியபோது நான் எடுத்த படம் எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று, "என்ன பொறுப்பான முகம் பாருங்கோ" என்கிறார்கள். சகலன்கூட, "கண்ணில ஒரு இலட்சியம் தெரியுது, தம்பி" என்றார். மகள் அப்போதெல்லாம் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவாள். படம் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. பிடித்தவன் சிரித்துக்கொண்டிருந்தான், கை ஆடிவிட்டது.